குழந்தையின் உள்ளமும் பாசப் பிணைப்பும்

சபர் சென்றிருந்த தகப்பனார் இரண்டாண்டுகள் கழித்து வீடு திரும்புகிறார். வாசலிலேயே இரு கைகளையும் நீட்டித் தம் பிள்ளையை அழைக்கிறார். அதுவோ வீறிட்டு அழுது, உம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் கொள்கிறது. "பெத்த வாப்பாவையே தெரியலையா?" என்று வீட்டிலுள்ளோர் சிரிக்கிறார்கள். தகப்பனாரின் முகம் வாடிப் போகிறது.

இன்னொரு வீட்டில், உம்மம்மாவிடம் ஐந்து வயது வரை வளர்ந்த பிள்ளையைப் பெற்றோர் தம்முடன் அழைத்துக் கொள்கிறார்கள். அது சரியாக உண்பதில்லை. இரவில் படுக்கையை நனைக்கிறது. தொட்டதற்கெல்லாம் அடம் பிடிக்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்து விட்டார்கள்" என்ற முடிவுடன் அடி விழுகிறது.

வேறொரு வீட்டில், தாயும் தகப்பனும் இல்லாமல் பலர் கைமாறி வளர்ந்த பிள்ளை ஒன்று இருக்கிறது. முன்பின் அறியாதவர் வந்தாலும் மடியில் ஏறி உட்காருகிறது; கூப்பிட்டவருடன் தயங்காமல் நடக்கிறது. "எவ்வளவு கலகலப்பான பிள்ளை!" என்று எல்லோரும் மெச்சுகிறார்கள்.

இம்மூன்றில் முதலாவது இயற்கை. இரண்டாவது துக்கம். மூன்றாவதே நாம் உண்மையில் கவலைப்பட வேண்டியது. ஆனால் நம் இல்லங்களில் முதலாவதற்கு வருந்துகிறோம்; இரண்டாவதை அடிக்கிறோம்; மூன்றாவதைப் பாராட்டுகிறோம்! இந்தத் தலைகீழ் நிலை மாற வேண்டுமானால், குழந்தையின் பாசப் பிணைப்பு எப்படி உருவாகிறது, எதனால் பழுதுபடுகிறது, பழுதுபட்டால் அதற்கு மருந்து என்ன என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

பாசப் பிணைப்பு என்பது யாது?

பிறந்த குழந்தை யார் தூக்கினாலும் பெரும்பாலும் அடங்கி விடும். ஆறேழு மாதமாகும்போது நிலைமை மாறுகிறது. தன்னை நாள்தோறும் தூக்கி, ஊட்டி, அழும்போது ஓடி வந்து தேற்றியவர் யார் என்பது அதன் உள்ளத்தில் பதிந்து விடுகிறது. பசியோ, வலியோ, பயமோ வந்தால் அது அவரையே தேடும். அவர் அருகில் இருந்தால் துணிந்து தவழ்ந்து போய் விளையாடும். அவ்வப்போது திரும்பிப் பார்த்துக் கொள்ளும். அவர் மறைந்தால் விளையாட்டை விட்டு அழும். இதுவே பாசப் பிணைப்பு. புதியவரைக் கண்டு அழுவதும் இப்பருவத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே அந்த அழுகை, பிணைப்பு சரியாக வளர்ந்திருப்பதற்கே அடையாளம் எனலாம்.

பால் கொடுப்பதால் மட்டும் இப்பிணைப்பு உண்டாகி விடுவதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹார்லோ, 1958-இல் குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார். கம்பியால் செய்த பொம்மைத் தாய் ஒன்று. மென்மையான துணி சுற்றிய பொம்மைத் தாய் மற்றொன்று. பால் கம்பித் தாயிடம் கிடைத்தபோதும், குட்டிகள் பால் குடிக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக் கொண்டிருந்தன. வயிறு நிறைவது வேறு. மனம் ஆறுதல் பெறுவது வேறு என்பது இதனால் விளங்கிற்று.

ஆராய்ச்சியாளர்கள் கண்ட உண்மை

இத்துறையின் முன்னோடி ஜான் பௌல்பி (1907–1990) என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் வீடிழந்து, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் அவரிடம் அறிக்கை கேட்டது. அது 1951-இல் வெளிவந்தது. உணவு, உடை, மருந்து எல்லாம் இருந்தும், தாயோ தாயின் இடத்தில் நிலையாக இருப்பவரோ இல்லாவிடில் குழந்தையின் மனவளர்ச்சி குன்றும் என்பதே அதன் சாரம்.

அவருடன் பணிபுரிந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் எட்டு நாள் தங்க நேர்ந்த ஓர் இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்து 1952-இல் காட்டினார். அக்காலத்தில் அங்கே மருத்துவமனைகளில் தாய் உடன் தங்க அனுமதியில்லை. பிரிக்கப்பட்ட பிள்ளைகள் முதலில் அழுது ஆர்ப்பரித்தன. பிறகு சோர்ந்து ஒடுங்கின. அதன் பின் தாய் வந்தாலும் பாராமுகமாயின. "பிள்ளை பழகி விட்டது" என்று தாதிகள் எண்ணிய அந்த அமைதி, உண்மையில் நம்பிக்கை இழந்த அமைதி! பெற்றோர் தாராளமாக வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என 1959-இல் பிரிட்டிஷ் அரசின் குழு ஒன்று பரிந்துரை செய்ய இத்தகைய உண்மைகளே காரணமாயின.

மேரி எயின்ஸ்வொர்த் (1913–1999) என்ற அம்மையார் 1954, 55-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் 26 தாய்மார்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் குழந்தை வளர்ப்பதைக் கவனித்தார். பின்னர் அமெரிக்காவில் எளிய சோதனை ஒன்றை அமைத்தார். ஒரு வயதை ஒட்டிய குழந்தையைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்து, மீண்டும் தாய் உள்ளே வரும்போது அது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அச்சோதனை. அழுத குழந்தை தாயிடம் ஓடி, தேறுதல் பெற்று, மறுபடியும் விளையாடப் போனால் பிணைப்பு உறுதியானது. தாயைப் பாராதது போல் இருப்பவை சில. தாயைப் பற்றிக் கொண்டே கோபத்தில் உதைப்பவை சில. எதுவும் செய்யத் தோன்றாமல் திகைத்து உறைந்து நிற்கும் பிள்ளைகளும் உண்டு என்பதைப் பின்வந்தோர் 1980-களில் கண்டனர்.

8 நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை 1988-இல் ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, 100-க்கு ஏறத்தாழ 65 குழந்தைகள் உறுதியான பிணைப்புடையவையாக இருந்தன. மற்றவை நோயாளிகள் என்று இதற்குப் பொருளல்ல. அவை தம் வீட்டுச் சூழ்நிலைக்கேற்பத் தம்மைப் பழக்கிக் கொண்ட பிள்ளைகள், அவ்வளவே.

கூட்டுக் குடும்பத்தார் ஒன்றைத் தெரிந்து கொள்வது நல்லது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைக் கவனித்து 1964-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றரை வயதாகும்போது பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருந்தன. எனவே உம்மம்மாவிடம் பிள்ளை ஒட்டிக் கொண்டால், அது உம்மாவுக்குரிய அன்பைத் திருடிக் கொண்டதாகாது. இதில் மாமியார், மருமகள் போட்டிக்கு இடமேயில்லை.

ருமேனியா தந்த பாடம்

பிணைப்பே இல்லாமல் வளரும் குழந்தை என்ன ஆகும்? இதை உலகம் ருமேனியாவில் கண்டது. அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌஷெஸ்கு, மக்கள் தொகையைப் பெருக்க வேண்டி 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். வறுமையில் வாடிய குடும்பங்கள் வளர்க்க இயலாத குழந்தைகளை அரசு விடுதிகளில் விட்டன. 1989-இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது, அவ்விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். ஒரு பணிப்பெண் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தாள். அவளும் வேளைக்கு வேளை மாறினாள். அழுதால் யாரும் வருவதில்லை என்பதைக் கற்றுக் கொண்டு, தொட்டில்களில் குழந்தைகள் அழாமலே கிடந்தன!

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள், தலைநகர் புக்கரெஸ்டில் இத்தகைய 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்தனர். குலுக்கல் முறையில் 68 குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். மற்ற 68 குழந்தைகளும் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தன. மூன்றரை வயதில் சோதித்தபோது, குடும்பத்தில் சேர்ந்தவற்றுள் ஏறத்தாழப் பாதி உறுதியான பிணைப்புப் பெற்றிருந்தன. மற்ற பிரிவிலோ 100-க்கு 18 மட்டுமே அந்நிலையில் இருந்தன. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்தில் சேர்ந்த குழந்தைகள் மற்றவற்றைவிட நன்கு தேறின. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடுதிகளில் சேர்ப்பதை ருமேனிய அரசு 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்கு மட்டும் விலக்களித்தது.

இதில் நமக்கு இரு பாடங்கள் உண்டு. ஒன்று: காலம் தாழ்த்துதல் கூடாது. இரண்டு: அவ்வளவு கொடுமையான தொடக்கத்துக்குப் பிறகும், நிலையான ஒருவர் கிடைத்தால் பிள்ளையின் மனம் மீண்டும் துளிர்க்கும்.

எது இயல்பு? எது கோளாறு?

பிள்ளை ஒட்டிக் கொள்வதும், புதியவரைக் கண்டு அழுவதும், பிரிந்த தாய் வந்ததும் கோபித்துக் கொள்வதும் கோளாறல்ல. மருத்துவர்கள் கோளாறு என்று பெயரிட்டிருப்பவை இரண்டு. கீழே விழுந்து அடிபட்டாலும், பயந்தாலும் யாரிடமும் ஆறுதல் தேடாமை, தேற்றினாலும் ஏற்காமை, சிரிப்பற்று ஒடுங்கியிருத்தல் ஆகியவை ஒரு வகை. அறியாதவரிடமும் எல்லையின்றி ஒட்டிக் கொண்டு, அவருடன் எங்கும் புறப்பட்டு விடுவது மற்றொரு வகை. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியல் இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துள்ளது. இவை அரியவை. கடுமையான புறக்கணிப்பிலோ, வளர்ப்பவர் அடிக்கடி மாறிய நிலையிலோ வளர்ந்த பிள்ளைகளிடமே காணப்படுபவை.

நல்ல கவனிப்புள்ள வீட்டில் வளரும் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால் அதற்குக் காது கேளாமையோ, ஆட்டிசமோ காரணமாயிருக்கலாம். பெற்றோர் தாமே ஒரு முடிவுக்கு வராமல் டாக்டரிடம் காட்டுவதே முறை. துஆச் செய்வதுடன் மருத்துவமும் செய்து கொள்வதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழியாகும்.

ஆபத்தான வைத்தியம்

"பிள்ளையின் கோபத்தை வெளியே கொண்டு வருகிறோம்" என்று சொல்லிப் பிள்ளையை வலுவில் இறுக்கிப் பிடிப்பதும், துணியில் சுற்றி அமுக்குவதும் ஒரு காலத்தில் சிகிச்சை என்ற பெயரில் நடந்தன. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வளர்ப்புத் தாயிடம் ஒட்டவில்லை என்பதற்காக ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு இவ்வாறு செய்தனர். மூச்சு முட்டுகிறது என்று அவள் கதறியதை அவர்கள் நடிப்பு என எண்ணினர். அச்சிறுமி இறந்தே போனாள். அதைச் செய்தவர்கள் சிறை சென்றனர். 2001-இல் அம்மாநிலம் இம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது.

நம்மிடையே இந்த முறை இல்லை என்று நிம்மதி கொள்ளலாமா? ஒட்டாத பிள்ளையை அறையில் அடைப்பதும், பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும் என்பதும், அடித்து இழுத்து வந்து "வாப்பாவுக்கு முத்தம் கொடு" என்பதும் இதன் சிறிய வடிவங்கள்தாம். பயத்தால் பணிவு வரலாம், பாசம் வராது.

சரியான வைத்தியம்

இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2015-இல் இது பற்றித் தெளிவான நெறிகளை வெளியிட்டது. பிணைப்புக் குறைபாட்டுக்கென மாத்திரை மருந்து கொடுக்கலாகாது என்று அது கூறுகிறது. சிறு பிள்ளைகளுக்கு அது முதன்மையாகப் பரிந்துரைப்பது பெற்றோருக்கான பயிற்சியை! தாயும் பிள்ளையும் வீட்டில் விளையாடுவதையும் உண்பதையும் பயிற்சி பெற்றவர் வீடியோப் படமெடுத்து, பிறகு தாயுடன் அமர்ந்து அதைப் பார்க்கிறார். "இங்கே பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்த்தது, நீங்கள் சிரித்தீர்கள், உடனே அதன் முகம் மலர்ந்தது பாருங்கள்" என்று சுட்டிக் காட்டுகிறார். குறை கூறுவதில்லை. தாய் தன்னாலேயே ஆகிறது என்பதைக் கண்ணாரக் கண்டு தெம்பு பெறுகிறாள்.

மேரி டோசியர் என்ற அமெரிக்கப் பேராசிரியை வகுத்த மற்றொரு முறையில், பயிற்சியாளர் பத்து முறை வீடு தேடி வருகிறார். வளர்ப்புப் பிள்ளைகளிடம் அவர் கண்ட உண்மை நாம் நெஞ்சில் பதிக்கத் தக்கது: காயப்பட்ட பிள்ளை, தன்னைத் தேற்ற வருபவரைத் தள்ளி விடுகிறது, தள்ளப்பட்டவர் "இதற்கு என் தேவை இல்லை" என்று விலகி விடுகிறார், பிள்ளை மேலும் தனிமைப்படுகிறது. இந்தச் சுழலை உடைக்க வேண்டியவர் பெரியவரே. பிள்ளை கேளாதபோதும், தள்ளியபோதும் ஆறுதல் தர வேண்டும். அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாளையும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இவற்றிலிருந்து ஒன்று தெரிகிறது. வைத்தியம் பிள்ளைக்கு மட்டுமன்று. பிள்ளைக்கும் வளர்ப்பவருக்கும் இடையேயுள்ள உறவுக்கே வைத்தியம். தாய் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்தால், முதலில் அவளுக்குச் சிகிச்சையும் ஓய்வும் வேண்டும். "பெற்றவளுக்குப் பிள்ளை மீது பாசமில்லை" என்று அவளைத் தூற்றுவோர், பிள்ளைக்கும் சேர்த்தே தீங்கு செய்கிறார்கள்.

நம் இல்லங்களில் செய்ய வேண்டியவை

1. சபரில் இருக்கும் தகப்பனார் தினமும் குறித்த நேரத்தில் பிள்ளையுடன் பேசுவாராக! முகம் பார்த்துப் பேச இன்று கைத்தொலைபேசி உதவுகிறது. கைக்குழந்தைக்குப் பேச்சு வேண்டியதில்லை. ஒரே பாட்டு, ஒரே விளையாட்டு, ஒரே குரல் போதும்.

2. ஊர் திரும்பியதும் பிள்ளையைப் பிடுங்கித் தூக்க வேண்டாம். உம்மாவின் அருகே உட்கார்ந்து, பிள்ளை தானாக வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். சில நாட்கள் ஆகலாம். அதன் முன் உம்மாவும் வாப்பாவும் இணக்கமாகப் பேசிக் கொள்வதே நல்ல அறிமுகம். உம்மாவுடன் உறங்கிப் பழகிய பிள்ளையை வந்த முதல் இரவே வேறிடத்தில் படுக்க வைத்தால், வாப்பாவின் வருகையே அதற்குத் தண்டனையாகி விடும்.

3. புறப்படும்போது பிள்ளை உறங்குகையில் ஒளிந்து போகாதீர்கள். அழுதாலும் பரவாயில்லை, ஸலாம் சொல்லி, முத்தமிட்டு, திரும்பி வருவேன் என்று சொல்லிச் செல்லுங்கள். ஒளிந்து போனால், எந்த நேரமும் யாரும் மறைந்து விடக்கூடும் என்ற அச்சம் பிள்ளைக்கு வந்து விடும்.

4. உம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளையை அழைத்துக் கொள்ளும்போது சிறுகச் சிறுகப் பழக்குங்கள். முடிந்தால் உம்மம்மாவும் சில வாரங்கள் உடன் வந்து தங்கட்டும். பிறகும் தொலைபேசித் தொடர்பு அறுந்து விடலாகாது. பிள்ளை உம்மம்மாவை நினைத்து அழுதால், அதற்குத் தடை போடாமல் அணைத்துக் கொள்ளுங்கள்.

5. "உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்", "பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுப்பேன்" என்ற மிரட்டல்கள் வேண்டவே வேண்டாம். பெரியவருக்கு அது வெறும் சொல். பிள்ளைக்கு அது உண்மை.

6. கோபத்தில் அடித்து விட்டால், ஏசி விட்டால், பிறகு அருகில் அழைத்துச் சமாதானம் சொல்லுங்கள். குறையே செய்யாத பெற்றோர் உலகில் இல்லை. முறிந்ததை ஒட்டத் தெரிந்தவரே நல்ல பெற்றோர்.

7. மணமுறிவு நேர்ந்த வீட்டில் பிள்ளையைப் பழி வாங்கும் கருவியாக்காதீர்கள். சிறு பிள்ளையை வளர்க்கும் முதல் உரிமையைத் தாய்க்கே நம் ஃபிக்ஹு நூல்கள் 'ஹளானத்' என்ற தலைப்பில் தந்திருக்கின்றன. தகப்பனாரைப் பார்க்க விடாமல் தடுப்பதும் பிள்ளைக்குச் செய்யும் அநீதியே.

தேவைப்படுவோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். மைய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

அநாதைப் பிள்ளையை வளர்ப்போருக்கு

அநாதையை ஆதரிப்பதன் நற்கூலியை நம்மவர் அறிவர். அப்பிள்ளைக்கு உணவும் உடையும் படிப்பும் தருவோர் பலர். ஆனால் இம்மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் மற்றொரு வீடு என்று பிள்ளையைப் பங்கு போட்டால், பலர் இருந்தும் அதற்கு ஒருவரும் இல்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தைப் பருவத்தை நினைத்துப் பாருங்கள். பிறக்கு முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில், அப்வா என்னுமிடத்தில் அன்னை ஆமினா அவர்களை இழந்தார்கள். எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். அப்வாவிலிருந்து அந்த அநாதைச் சிறுவரைக் கைப்பிடித்து மக்காவுக்கு அழைத்து வந்தவர் உம்மு அய்மன் (ரலி) எனும் அபிசீனியப் பெண்மணி. இழப்புகளுக்கு நடுவே மாறாமல் உடனிருந்தவர் அவர். பெருமானார் (ஸல்) அவர்கள் பெரியவரான பின்னும் அவரைத் தம் தாய்க்குப் பின் தாயாக மதித்து, அவர் இல்லம் தேடிச் சென்று கண்டு வந்தார்கள். அண்ணலாரின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். செல்வமோ செல்வாக்கோ இல்லாத ஒரு பணிப்பெண், மாறாமல் உடனிருந்ததனாலேயே பெற்ற மதிப்பு இது!

நீண்ட தொழுகை நடத்த எண்ணி நின்ற பெருமானார் (ஸல்) அவர்கள், குழந்தை ஒன்றின் அழுகுரல் கேட்டதும் அதன் தாயின் தவிப்பை நினைத்துத் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள் என்பதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தொழுகைக்குள்ளேயே குழந்தையின் அழுகைக்கு இடமிருந்தது என்றால், நம் வேலைகளுக்கும் அலுப்புக்கும் நடுவே அதற்கு இடமில்லாமற் போகுமா?

வாசக அன்பர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை பயந்தால் யாரிடம் ஓடும் என்று இன்றே கவனியுங்கள். ஓடிப் போக ஒருவர் உண்டென்றால் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துங்கள். ஒருவரும் இல்லையென்றால், அந்த ஒருவராக இருக்க நீங்கள் முன் வாருங்கள். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களுக்கு நிழலாக நிற்கும் பொறுமையை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.